அண்மை அகச்சிவப்பு ஒளிவழி மூளை-கணினி இடைமுகம்: குறிகைச் செயலாக்கத்தின் வரலாறு

அண்மை அகச்சிவப்பு ஒளிவழி மூளை-கணினி இடைமுகம் என்பது தலையின் மேற்பரப்பிலிருந்து ஒளியைச் செலுத்தி, மூளையின் மேல்பகுதி வரை சென்று திரும்பும் ஒளியின் மாற்றத்தை அளந்து, அதைக் கட்டளையாகவோ விடையாகவோ மாற்றும் முறையாகும். இதில் அறுவை இல்லை, ஊசி இல்லை, கதிரியக்கப் பொருளும் இல்லை. ஒரு தொப்பி, அதில் சில ஒளிவாய்கள், சில உணரிகள், பின்னால் ஒரு கணினி. கை, கால், நாக்கு, கண் என எதையும் அசைக்க முடியாத நிலைக்குச் சென்றுவிட்ட நோயாளிகளிடம் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரு சொல்லையாவது பெற்றுவிட வேண்டும் என்பது இத்துறையின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று.

உணரியில் விழும் ஒளி நேரடியாக ‘ஆம்’ என்று சொல்வதில்லை. இதயத்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்த ஏற்ற இறக்கம், நெற்றித் தோலின் குருதியோட்டம், தலையின் சிறு அசைவு ஆகிய அனைத்தும் அதில் கலந்து வருகின்றன. இவற்றிலிருந்து மூளையின் பங்கை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையே குறிகைச் செயலாக்கம். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் புதிய கருவிகளின் வரலாறு அன்று. தான் காண்பது மூளையைத்தானா என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்த ஐயத்தின் வரலாறு.

குருதியும் ஒளியும்

மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே குருதியோட்டம் மிகுகிறது என்ற கருத்தை 1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சார்லஸ் ராய், சார்லஸ் ஷெரிங்டன் ஆகியோர் முன்வைத்தனர். குருதியின் நிறம் அதிலுள்ள ஆக்சிஜனைப் பொறுத்தது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இழந்தது கருஞ்சிவப்பு. இந்த இரண்டு செய்திகளையும் இணைத்தால், ஒளியைக் கொண்டு மூளையின் வேலையைக் காணலாம் என்ற முடிவு கிடைக்கும். ஆனால் அந்த இணைப்பு நிகழ எண்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

இடையில் வளர்ந்தது குருதி ஆக்சிஜனை உடலுக்கு வெளியிலிருந்தே அளக்கும் கலை. 1930களில் ஜெர்மனியின் கார்ல் மாத்தெஸ் காதுமடல் வழியாக ஒளியைச் செலுத்தி அளந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உயரப் பறக்கும் விமானிகளுக்காக அமெரிக்காவின் கிளென் மில்லிகன் காதில் மாட்டும் ஆக்சிஜன்மானியை உருவாக்கினார். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தைச் சேர்ந்த தக்குவோ அவோயாகி, ஒளிக்குறிகையில் இடையூறாகத் தெரிந்த நாடித்துடிப்பையே அளவீட்டின் அடிப்படையாக்கினார். துடிப்போடு மாறும் பகுதி தமனிக் குருதியிலிருந்து வருவது, மாறாத பகுதி மற்றத் திசுக்களிலிருந்து வருவது என்று பிரித்தார். இன்று மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த எண்ணத்தில் பிறந்தது. ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்குச் செய்தியாகலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மூளை ஆய்வுக்கு வந்தபோது இதே நாடித்துடிப்பு மறுபடியும் இரைச்சலாயிற்று.

1977: மண்டையோட்டைக் கடந்த ஒளி

காதுமடல் மெல்லியது, மண்டையோடு அப்படியன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரான்ஸ் யோப்சிஸ், உணவு மேசையில் இருந்த மாட்டிறைச்சித் துண்டின் எலும்பை விளக்குக்கு நேரே பிடித்தபோது சிவப்பு ஒளி அதை ஊடுருவி வருவதைக் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். எலும்பு சிவப்பு ஒளியை விடுமானால், அதைவிட அலைநீளம் மிக்க அகச்சிவப்பு ஒளியையும் விடக்கூடும் என்று அவர் கருதினார்.

இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. ஏறத்தாழ 650 நானோமீட்டருக்குக் கீழ் ஹீமோகுளோபின் ஒளியை வலுவாக உட்கவர்கிறது. 950 நானோமீட்டருக்கு மேல் உடலிலுள்ள நீர் உட்கவர்கிறது. இடைப்பட்ட பகுதியில் இரண்டுமே குறைவு. இந்த இடைவெளியை ‘ஒளியியல் சாளரம்’ என்பர். இந்தச் சாளரத்துக்குள் ஹீமோகுளோபினின் இரு வடிவங்களும் வேறுபட்டு நடந்துகொள்கின்றன. 760 நானோமீட்டர் அருகே ஆக்சிஜன் இழந்த வடிவம் கூடுதலாக உட்கவர்கிறது. 850 நானோமீட்டர் அருகே ஆக்சிஜன் ஏற்ற வடிவம் கூடுதலாக உட்கவர்கிறது. 800 நானோமீட்டர் அளவில் இரண்டும் சமம்.

யோப்சிஸ் 1977 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை, உயிருள்ள தலையின் வழியாக அண்மை அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி மூளையின் ஆக்சிஜன் நிலையைக் கண்காணிக்க முடியும் என்று காட்டியது. இத்துறையின் பிறப்புச் சான்று அக்கட்டுரையே. அப்போது அவருடைய நோக்கம் எண்ணங்களைப் படிப்பதன்று. அறுவைக்கூடத்திலும் தீவிர சிகிச்சையிலும் மூளைக்கு ஆக்சிஜன் போதுமான அளவு செல்கிறதா என்று அறிவதே. 1980களில் குறைமாதக் குழந்தைகளின் மூளையைக் கண்காணிக்க இம்முறை பயன்படத் தொடங்கியது. குழந்தையின் மண்டையோடு மெல்லியது, தலை சிறியது என்பதால் ஒளி எளிதில் உட்புகுந்தது.

ஒளி நடந்த தொலைவு

மாற்றம் தெரிகிறது, ஆனால் எவ்வளவு மாற்றம்? இக்கேள்விக்கு விடை காண 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பூகே, லாம்பெர்ட், பேர் ஆகியோர் வகுத்த விதி கைக்கு வந்தது. தெளிந்த நீர்மம் ஒன்றில் ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்பது, கரைந்துள்ள பொருளின் செறிவையும் ஒளி கடக்கும் தொலைவையும் பெருக்கிக் கிடைக்கும் என்பது அவ்விதி. கண்ணாடிக் குடுவையில் தொலைவைக் கோல் வைத்து அளக்கலாம். தலைக்குள் ஒளி நேர்க்கோட்டில் செல்வதில்லை. மூடுபனிக்குள் புகுந்த விளக்கொளி போல் ஒவ்வொரு உயிரணுவிலும் மோதிச் சிதறி, வளைந்து நெளிந்து சென்று, மிகச் சிறு பங்கு மட்டுமே உணரியை அடைகிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டேவிட் டெல்பி குழுவினர் 1988இல் இதற்கு ஒரு வழி கண்டனர். மிகக் குறுகிய லேசர்த் துடிப்பை எலியின் தலை வழியாகச் செலுத்தி, அது வெளிவர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தனர். ஒளியின் வேகம் தெரியும் என்பதால் நேரத்திலிருந்து தொலைவு கிடைத்தது. தலையின் குறுக்களவைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலாக ஒளி நடந்திருந்தது. வயது வந்த மனிதத் தலைக்கு இந்தப் பெருக்கம் ஏறத்தாழ 6 என்று பின்னர் அளக்கப்பட்டது. ஒளிவாய்க்கும் உணரிக்கும் இடையே 3 சென்டிமீட்டர் என்றால், ஒளி உள்ளே நடந்தது சராசரியாக 18 சென்டிமீட்டர்.

இந்த எண்ணைச் சேர்த்து எழுதப்பட்ட விதியே திருத்திய பேர்-லாம்பெர்ட் விதி. கணக்கீடு எளிது. இரண்டு அலைநீளங்களில் ஒளி மாற்றத்தை அளந்தால் இரண்டு சமன்பாடுகள். தெரியாதவை இரண்டு: ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினின் மாற்றம், ஆக்சிஜன் இழந்ததன் மாற்றம். பள்ளியில் கற்கும் ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பது போலவே இவற்றையும் தீர்க்கலாம். இன்றும் பெரும்பாலான கருவிகளில் முதலில் நடப்பது இக்கணக்குதான்.

இந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. ஒளி சென்ற பாதை முழுவதிலும் மாற்றம் சீராக நிகழ்கிறது என்று இவ்விதி எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அந்தப் பாதையின் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலும் உள்ளது. மூளைக்குள் செல்வது சிறு பகுதியே. மேலும் உணரிக்கு வரும் ஒவ்வொரு ஒளித்துகளும் தோலை இருமுறை கடக்கிறது: உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. இந்த விலையைக் கொடுக்க வேண்டிய காலம் இருபது ஆண்டுகள் கழித்து வந்தது.

1993: எண்ணத்தின் நிழல்

1990இல் செய்ஜி ஓகாவா குழுவினர் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தில் குருதி ஆக்சிஜன் மாற்றம் தெரிவதைக் காட்டினர். மூளை வேலை செய்வதைப் படமெடுக்கலாம் என்ற ஆர்வம் உலகெங்கும் பரவியது. அந்தச் சூழலில் 1993ஆம் ஆண்டில் தனித்தனிக் குழுக்கள் சில ஏறத்தாழ ஒரே நேரத்தில் அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு இதையே காட்டின. ஜப்பானில் ஹோஷி, தமுரா ஆகியோரும் கத்தோவும், ஜெர்மனியில் ஃபில்ரிங்கர் குழுவினரும், அமெரிக்காவில் பிரிட்டன் சான்ஸ் குழுவினரும் அவ்வாண்டில் கட்டுரைகள் வெளியிட்டனர். கணக்குப் போடும்போதும் ஒளியைப் பார்க்கும்போதும் ஹீமோகுளோபின் அளவுகள் மாறுவதை அவர்கள் பதிவுசெய்தனர். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியரான சான்ஸ், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கம் வென்றவரும் ஆவார்.

1995இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மக்கி, கொய்சுமி முதலானோர் பல ஒளிவாய்களையும் உணரிகளையும் கட்டமாக அடுக்கி, விரல்களை அசைக்கும்போது இயக்கப் புறணியில் ஏற்படும் மாற்றத்தை ஒரு வரைபடமாகக் காட்டினர். ஒரு புள்ளி அளவீடு பரப்பு அளவீடாக வளர்ந்தது. அதனோடு குறிகைச் செயலாக்கத்தின் சுமையும் பெருகியது.

குறிகைக்குள் என்னென்ன இருக்கின்றன

மூளையின் ஒரு பகுதி வேலையைத் தொடங்கி ஓரிரு நொடி கழித்தே குருதியோட்டம் எழத் தொடங்குகிறது. உச்சத்தை அடைய 5 முதல் 8 நொடிகள் ஆகின்றன. பழைய நிலைக்குத் திரும்ப மேலும் பல நொடிகள். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் உயர்கிறது. அதே நேரத்தில் ஆக்சிஜன் இழந்தது சற்றுத் தாழ்கிறது. மூளையின் மின்குறிகை நொடியின் சிறு பங்குக்குள் மாறுவதோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவானது.

இந்த மெதுவான அலையோடு கலந்து வருபவை மூன்று தாளங்கள். நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை இதயத்துடிப்பு. மூன்று நான்கு நொடிகளுக்கு ஒருமுறை மூச்சு. பத்து நொடிகளுக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தில் எழும் மேயர் அலை. முதல் இரண்டையும் பட்டை வடிகட்டியால் பெரிதும் நீக்கிவிடலாம், ஏனெனில் அவற்றின் அலைவெண் மூளையின் மறுவினையைவிட உயர்ந்தது. மேயர் அலை அப்படிப் பிரிவதில்லை. பத்து நொடி வேலை, பத்து நொடி ஓய்வு என்று சோதனையை அமைத்தால், மேயர் அலைகளும் வேலைக்கான மறுவினையும் அருகருகான அலைவெண்களில் விழுகின்றன. ஒன்றை வடிகட்டினால் மற்றதும் போய்விடும்.

மூளை-கணினி இடைமுகத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆய்வகத்தில் பதிவு முடிந்த பிறகு செய்யும் பகுப்பாய்வில், வடிகட்டி முன்னும் பின்னும் உள்ள தரவை ஒருசேரப் பார்த்து அலையை அழகாகச் சீர்செய்யலாம். இடைமுகம் அப்போதே விடை சொல்ல வேண்டியது. அடுத்த நொடி என்ன வரும் என்று அதற்குத் தெரியாது. எனவே ஆய்வுக்கட்டுரையில் சிறப்பாகச் செயல்பட்ட ஒரு முறை, நோயாளியின் படுக்கையருகே அதே அளவு பயன்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இடைமுகமாக மாறிய காலம்

மூளை-கணினி இடைமுகம் என்ற கருத்தை 1973இல் கலிபோர்னியாவின் ஜாக் விடால் மின்மூளை வரைவை அடிப்படையாகக் கொண்டு முன்வைத்திருந்தார். ஒளியை அதற்குப் பயன்படுத்தலாம் என்ற முன்மொழிவை 2004இல் அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷர்லி கோய்ல் குழுவினர் வெளியிட்டனர். கையை அசைப்பதாக மனத்தில் எண்ணும்போது இயக்கப் புறணியில் ஏற்படும் மாற்றத்தை அவர்கள் பயன்படுத்தினர். 2007இல் அவர்கள் விவரித்த எளிய கருவி, எண்ணத்தால் இயங்கும் ஒரு சுவிட்சாகச் செயல்பட்டது.

அதே 2007இல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ரங்கநாத சித்தாராம் குழுவினர் நியூரோஇமேஜ் இதழில் வெளியிட்ட ஆய்வு, குறிகைச் செயலாக்கத்தில் ஒரு படியாக அமைந்தது. இடக்கை அசைவா வலக்கை அசைவா, எதை மனத்தில் எண்ணுகிறார் என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். ஆதரவுத் திசையன் பொறி என்ற வகைப்படுத்தி 73 விழுக்காடு சரியாகச் சொன்னது. மறைநிலை மார்க்கோவ் மாதிரி 89 விழுக்காடு சரியாகச் சொன்னது. இரண்டாவது முறை குறிகை காலப்போக்கில் எப்படி எழுந்து தாழ்கிறது என்ற வரிசையையே கற்றுக்கொள்கிறது. மெதுவாக நகரும் குருதிக் குறிகையில், அளவு மட்டுமன்றி அதன் நடையும் செய்தியைத் தாங்குகிறது என்பதை இம்முடிவு உணர்த்தியது.

2009 மார்ச்சில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், ஏ.டி.ஆர் ஆய்வுக்கூடம், ஷிமாட்சு நிறுவனம் ஆகியன சேர்ந்து, மின்மூளை வரைவையும் அண்மை அகச்சிவப்பு அளவீட்டையும் இணைத்த இடைமுகத்தை அறிவித்தன. வலக்கை, இடக்கை, நாக்கு, கால் ஆகிய நான்கில் ஒன்றை ஒருவர் எண்ணினால், அசிமோ ரோபோ அதற்குரிய அசைவைச் செய்தது. 90.6 விழுக்காடு சரியாக அமைந்ததாக அறிவிப்பு கூறியது. 2012இல் ஃபாஸ்லி குழுவினர் இரு குறிகைகளையும் இணைத்துச் செய்த ஆய்வில், பங்கேற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் துல்லியம் உயர்ந்தது. சராசரி உயர்வு 5 விழுக்காடு. மின்குறிகை விரைவானது, ஆனால் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகக் காட்டாது. ஒளிக்குறிகை மெதுவானது, ஆனால் இடத்தைக் காட்டும். ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்தது.

பேச்சற்றவர்களின் விடை

இயக்க நரம்பணுக்கள் சிதையும் ஏ.எல்.எஸ் நோயில், அறிவு தெளிவாக இருக்கும்போதே உடலின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. செயற்கை மூச்சுக் கருவியோடு உயிர் வாழ்பவர்களுள் சிலருக்குக் கடைசியில் கண்ணசைவும் நின்றுவிடுகிறது. இதை முழுமையாகப் பூட்டுண்ட நிலை என்பர்.

ஜப்பானில் ஹிட்டாச்சியும் ‘எக்செல் ஆஃப் மகோட்டோ’ நிறுவனமும் இவர்களுக்காக ‘கொகொரோ கதாரி’ என்ற கருவியை உருவாக்கின. இதய மொழி என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். நெற்றியில் பொருத்திய உணரி முன்மூளையின் குருதி அளவைப் பதிவுசெய்யும். விடை ‘ஆம்’ என்றால் நோயாளி மனத்துக்குள் வேகமாகக் கணக்குப் போடவோ பாடவோ வேண்டும். ‘இல்லை’ என்றால் அமைதியாக இருக்க வேண்டும். நைட்டோ குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 40 ஏ.எல்.எஸ் நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களுள் 17 பேர் முழுமையாகப் பூட்டுண்டவர்கள். ஓரளவு தொடர்பு கொள்ளக்கூடிய நிலையில் இருந்தோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், முழுமையாகப் பூட்டுண்டோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கும் இம்முறை பயன்பட்டது. பயன்பட்டோரிடம் சராசரியாக 80 விழுக்காடு விடைகள் சரியாகக் கண்டறியப்பட்டன.

இந்த எண்களை இரு வகையாகப் படிக்கலாம். எந்த வழியும் இல்லாத ஒருவருக்கு ஐந்தில் நான்கு முறை சரியான விடை என்பது பெருங்கொடை. அதே நேரத்தில் ஐந்தில் ஒரு விடை தவறு. தாகமா என்று கேட்டால் தவறான விடையால் பெரிய தீங்கில்லை. சிகிச்சையைத் தொடரலாமா என்று கேட்கும் நாள் வந்தால், அந்த ஐந்தில் ஒன்றை யார் பொறுப்பேற்பது?

தோலின் குரல்

கருவிகள் பெருகியபோது டெல்பி காலத்து விலையைக் கொடுக்கும் நேரம் வந்தது. சொற்களை விரைவாகச் சொல்லும் பயிற்சியின்போது நெற்றியில் ஒளிக்குறிகை உயர்வதை முன்மூளையின் செயல்பாடு என்று பல ஆய்வுகள் எடுத்துக்கொண்டிருந்தன. ஜப்பானில் இது மனநோய்களை வேறுபடுத்தி அறியும் துணைச் சோதனையாகவும் ஏற்கப்பட்டிருந்தது. 2011இல் தகஹாஷி குழுவினர் நெற்றித் தோலை அழுத்தி அதன் குருதியோட்டத்தைக் குறைத்தபின் அதே சோதனையைச் செய்தனர். உயர்வின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. கருவி மூளையைக் கேட்பதாக எண்ணிக் கொண்டிருந்தவர்கள் பெருமளவு தோலைக் கேட்டிருந்தனர்.

இதைத் தற்செயலான இரைச்சல் என்று தள்ள முடியாது. மனம் முயற்சி செய்யும்போது இரத்த அழுத்தமும் தோலின் குருதிக் குழாய்களும் கூடவே மாறுகின்றன. எனவே தோலின் குறிகையும் கேள்வியோடு சேர்ந்தே எழுந்து, ஓய்வோடு சேர்ந்தே தாழ்கிறது. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் தற்செயல் இரைச்சல் தேயும், இது தேயாது. 2012இல் கிரிலினா குழுவினர் இதன் உடலியல் மூலத்தை விரிவாக ஆராய்ந்தனர். 2016இல் டாக்ட்சிடிஸ், ஷோல்க்மன் ஆகிய இருவரும், மூளை செயல்படாதபோதும் செயல்படுவதாகவும், செயல்படும்போதும் இல்லாததாகவும் காட்டும் போலி முடிவுகளைத் தனியே தொகுத்து எழுதினர்.

தீர்வு ஏற்கெனவே ஒரு மூலையில் இருந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சாகர், பெர்கர் ஆகியோர் 2005இல் முன்வைத்த வழி இது: ஒளிவாய்க்கு மிக அருகில் இரண்டாவது உணரி ஒன்றை வைக்க வேண்டும். குறுகிய தொலைவில் ஒளி ஆழமாகச் செல்லாது. அது தோலை மட்டுமே கேட்கும். 3 சென்டிமீட்டர்த் தடம் தோலையும் மூளையையும் சேர்த்துக் கேட்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைத் தக்க அளவில் கழித்தால் மூளை எஞ்சும். இந்தக் குறுந்தடத்துக்கு வயது வந்தோரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் பொருத்தமானது என்றும், பிறந்த குழந்தையில் 2 மில்லிமீட்டர் அளவு போதும் என்றும் 2015இல் பிரிகடோய், கூப்பர் ஆகியோர் கணித்தனர். எவ்வளவு கழிப்பது என்பதை நேரத்துக்கு நேரம் கற்றுக்கொள்ளும் தகவமைப்பு வடிகட்டிகளும் கால்மன் வடிகட்டிகளும் இதையொட்டி வளர்ந்தன. இவை கடந்தகாலத் தரவை மட்டும் கொண்டே இயங்கக்கூடியவை என்பதால் உடனடி இடைமுகத்துக்கும் பொருந்தின.

தலையசைவால் ஒளிவாய் நகரும்போது தோன்றும் திடீர்ப் பாய்ச்சல்களுக்கும் தனி முறைகள் வந்தன. 2010இல் ஷோல்க்மன் குழுவினர் அசைவுப் பகுதியை ஸ்பிளைன் வளைகோட்டால் பொருத்திக் கழிக்கும் முறையை அளித்தனர். அதே ஆண்டில் குய் குழுவினர், மூளையின் மறுவினையில் இரு ஹீமோகுளோபின்களும் எதிரெதிராக நகர்கின்றன, அசைவில் சேர்ந்தே நகர்கின்றன என்ற வேறுபாட்டைப் பயன்படுத்தினர். 2012இல் மொலாவி, டுமோன் ஆகியோர் அலைத்துணுக்கு முறையைக் கொண்டுவந்தனர்.

2017 முதல் 2019 வரை: ஒரு கட்டுரையும் அதன் திரும்பப் பெறலும்

2017 ஜனவரியில் பி.எல்.ஓ.எஸ் பயாலஜி இதழில் டியூபிங்கன் ஆய்வாளர்கள் உஜ்வல் சவுத்ரி, நீல்ஸ் பிர்பவுமர் முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முழுமையாகப் பூட்டுண்ட நான்கு ஏ.எல்.எஸ் நோயாளிகளிடம் அண்மை அகச்சிவப்பு ஒளிவழி ‘ஆம்’, ‘இல்லை’ விடைகளைப் பெற்றதாகவும், அவை 70 விழுக்காட்டுக்கு மேல் சரியாக இருந்ததாகவும் அது கூறியது. உலக ஊடகங்கள் அதைக் கொண்டாடின. நோயாளிகளின் குடும்பங்களுக்கு அது நம்பிக்கை அளித்தது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஸ்பூலர் என்ற கணினி அறிவியலாளர், வெளியிடப்பட்ட தரவை மீண்டும் பகுப்பாய்வு செய்து, அம்முடிவுகளைத் தரவு தாங்கவில்லை என்றார். அவருடைய கட்டுரை 2019இல் அதே இதழில் வெளிவந்தது. கட்டுரையாசிரியர்கள் தங்கள் முடிவுகள் சரியே என்று அதே இதழில் மறுமொழி எழுதினர். ஜெர்மன் ஆய்வு நிதியமான டி.எஃப்.ஜி விசாரித்து, தரவு முழுமையாகப் பதிவு செய்யப்படாதது உள்ளிட்ட குறைகளைச் சுட்டி, 2019 செப்டம்பரில் அறிவியல் நெறிமீறல் நிகழ்ந்ததாக அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இங்கே மாணவர்கள் போட்டுப் பார்க்கத்தக்க ஒரு கணக்கு உண்டு. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே விடைகள் இருந்தால், நாணயத்தைச் சுண்டினாலும் பாதி சரியாகும். 10 கேள்விகளில் 7 அல்லது அதற்கு மேல் நாணயம் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 17 விழுக்காடு. 20 கேள்விகளில் 14 அல்லது அதற்கு மேல் என்றால் 6 விழுக்காடு. 100 கேள்விகளில் 70 அல்லது அதற்கு மேல் என்றால் இருபதாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. மூன்றிலும் துல்லியம் அதே 70 விழுக்காடுதான். ஆகவே துல்லிய எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. எத்தனை கேள்விகள், எத்தனை பதிவுகள் விலக்கப்பட்டன, கணினியைப் பயிற்றுவித்த தரவும் சோதித்த தரவும் உண்மையிலேயே வேறுவேறா என்பவற்றையும் பார்க்க வேண்டும். ஒரே அமர்வில் அடுத்தடுத்து எடுத்த பதிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பகிர்ந்து கொடுத்தால், கணினி மூளையின் விடையைக் கற்காமல் அந்த நேரத்தின் மெதுவான குருதி ஏற்ற இறக்கத்தைக் கற்றுவிடக்கூடும்.

வேறொரு பாதையில், கனடாவின் ஏட்ரியன் ஓவன் ஆய்வகத்தோடு தொடர்புடைய அப்தல்மலக் குழுவினர் 2017இல் கில்லன்-பாரே நோயால் அசைவிழந்த ஒரு நோயாளியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, ஒளிவழி பெற்ற விடைகளை அவருக்கு எஞ்சியிருந்த கண்ணசைவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். கேள்விகள் மூன்றே என்றாலும், விடையைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு சாட்சி அங்கே இருந்தது. முழுமையாகப் பூட்டுண்ட நிலையில் இல்லாமல் போவது அந்தச் சாட்சிதான். பிறந்த ஊர், பிள்ளையின் பெயர் போன்று விடை முன்பே தெரிந்த கேள்விகளைக் கேட்டே அங்கு இடைமுகத்தைச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

முழுமையாகப் பூட்டுண்ட ஒருவர் எழுத்துகளைத் தேர்ந்து சொற்றொடர் அமைத்ததாக 2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் சவுத்ரி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, மூளைக்குள் பதித்த நுண்மின்முனைகளைப் பயன்படுத்தியது, ஒளியை அன்று.

இன்றைய நிலை

2018இல் பைஃபர் குழுவினர், ஒரே தரவை வெவ்வேறு செயலாக்க முறைகளில் பகுத்தால் வெவ்வேறு புள்ளியியல் முடிவுகள் கிடைக்கின்றன என்று காட்டினர். 2021இல் இத்துறையினர் பலர் சேர்ந்து, கட்டுரைகளில் எந்தெந்த விவரங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்ற வழிகாட்டுதலை வெளியிட்டனர். வடிகட்டியின் வகை, அதன் எல்லைகள், குறுந்தடம் பயன்பட்டதா, விலக்கப்பட்ட தடங்கள் எத்தனை ஆகியவை அதில் அடங்கும். 2025இல் வெளியான ஒரு கூட்டாய்வில் ஒரே தரவுத் தொகுப்புகளை 38 ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே பகுத்தன. பலர் உள்ள குழுவைப் பற்றிய முடிவுகளில் பெரும்பாலோர் ஒத்துப்போயினர். தனி ஒருவரைப் பற்றிய முடிவுகளில் ஒற்றுமை குறைந்தது. இடைமுகத்துக்குத் தேவைப்படுவதோ அந்தத் தனி ஒருவரின் விடைதான்.

கருவிகள் சிறுத்து, கம்பியில்லாமல் தலையில் அணியும் நிலைக்கு வந்துவிட்டன. ஒளித்துகள் வந்துசேரும் நேரத்தை அளந்து, ஆழமாகச் சென்று தாமதமாக வந்தவற்றைப் பிரித்தறியும் தலைக்கவசங்களும் வந்துள்ளன. டெல்பி 1988இல் ஆய்வகத்தில் செய்த அளவீட்டின் நேர்வழித் தோன்றல்கள் அவை. அடர்ந்த கருங்கூந்தலும் கருமையான தோலும் ஒளியைக் கூடுதலாக உட்கவர்வதால், அத்தகையோரிடம் குறிகை வலுக்குறைகிறது. சோதனைகளிலிருந்து இவர்கள் விலக்கப்பட்டால், கருவி யாருக்கு நன்றாக வேலை செய்யும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும்.

எலும்பினூடே ஒளி வருவதை யோப்சிஸ் கண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. அன்று கடினமாகத் தோன்றியது ஒளியை உள்ளே அனுப்புவது. இன்று கடினமாக எஞ்சியிருப்பது, திரும்பி வந்த ஒளியில் எது நோயாளியின் சொல், எது அவருடைய தோலும் நாடியும், எது பகுப்பாய்வு செய்தவரின் விருப்பம் என்று பிரித்தறிவதாகும்.